தூசியும் திரோதானமும்

இறைவன் செய்யும் தொழில்கள் ஐந்து என்று சைவ சித்தாந்தம் வகுத்துரைக்கும்பொழுது, படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் மூன்றையும் கேட்டுத் தலையசைத்து, அருளல் என்னும் ஐந்தாவதைக் கேட்டு மனம் நெகிழ்கின்ற பக்தன், இடையிலே நான்காவதாக மறைத்தல் என்று ஒன்று வருகிறதே, அது எதற்காக என்று கேட்கத் துணிவதில்லை. கூத்தப்பிரானின் திருமேனியில் உடுக்கை ஏந்திய கை படைப்பையும், அமைத்த கை காப்பையும், தீயேந்திய கை அழிப்பையும், தூக்கிய திருவடி அருளையும் குறிக்க, ஊன்றிய திருவடி மறைப்பைக் குறிக்கும் என்பர் பெரியோர். ஆடுகின்றவனுடைய முழுப் பாரத்தையும் எந்தக் கால் தாங்குகிறதோ அந்தக் கால்தான் மறைப்பு என்பது, சிற்பத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது சற்றுத் திடுக்கிடச் செய்யும் சங்கதி. திரோதானம் எனப்படும் இந்த மறைப்பு, அறிவைத் தடுக்கும் செயலா, அறிவுக்கு வழிகோலும் செயலா? மறைக்கப்பட்ட ஒன்றைப் பற்றி, மறைப்பதை மாத்திரமே பார்க்க வல்லவர்கள் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது?

இறைவனைப் பற்றிய விசாரம் ஏதுமின்றித் தம் கருவிகளோடும் கணக்குகளோடும் வாழ்கின்ற வானநூலார், இந்த இரண்டாவது வினாவில் நாற்பது ஆண்டுகளாக அகப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிரபஞ்சத்தில் மிகுந்த பிரகாசமுடைய பொருள்களிற் சில, தூசியால் மூடப்பட்டுக் கண்ணுக்கு மங்கலாகத் தோன்ற, அந்தத் தூசிக்குள் எரிவது எது என்று அவர்கள் கேட்டுவருகிறார்கள். அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால், மறைப்பைப் பற்றி நாம் சுலபமாகச் சொல்லிவிடும் வாசகங்கள் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது விளங்கக்கூடும். தில்லைக் கூத்தில் கருந்துளை அடங்கியிருக்கிறது என்றும், ஆகமங்களில் அகச்சிவப்புக் கதிர் பேசப்பட்டிருக்கிறது என்றும் நிறுவப் புறப்படும் கோஷ்டியில் நான் சேரவில்லை. அது ஆகமத்துக்கும் அவமரியாதை, வானநூலுக்கும் அவமரியாதை.

நட்சத்திரங்களுக்கு இடைப்பட்ட வெளி தெளிந்த வெற்றிடம் என்றே 1930 வரை வானநூலாரிற் பெரும்பாலோர் கொண்டிருந்தனர்; பால்வீதியின் நடுவே கறுத்துத் தோன்றும் திட்டுக்களைப் பார்த்து, அங்கே நட்சத்திரங்களே இல்லை என்று எண்ணியவர் பலர். அந்த ஆண்டில், கலிபோர்னியாவின் ஹாமில்டன் மலைமேலுள்ள லிக் வானாய்வகத்தில் பணிபுரிந்த ராபர்ட் டிரம்ப்ளர், நட்சத்திரக் கொத்துக்களின் தூரத்தை இரண்டு வழிகளில் கணித்துப் பார்த்தார். கொத்திலுள்ள நட்சத்திரங்களின் ஒளி எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதைக்கொண்டு ஒரு தூரம்; கொத்து வானில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதைக்கொண்டு மற்றொரு தூரம். இரண்டும் ஒத்துவரவில்லை. ஒளியைக்கொண்டு கணித்ததே மெய்யென்று வைத்துக்கொண்டால், தொலைவிலுள்ள கொத்துக்களெல்லாம் அருகிலுள்ளவற்றைக் காட்டிலும் உருவில் பெரியவை என்று ஆகும்; பூமியிலிருந்து தாம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று விசாரித்துக்கொண்டு அதற்குத் தக்கபடி பருத்துக்கொள்ள நட்சத்திரங்களுக்கு என்ன அவசியம்? ஆகவே ஒளி வரும் வழியிலேயே தேய்கிறது, இடைவெளியில் ஏதோ ஒரு பொருள் பரந்து கிடக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னையாவது காட்டிக்கொள்கிறது. உயிரைப் பிணித்திருக்கும் ஆணவ மலமோ பிறவற்றையும் காட்டாது, தான் இருப்பதையும் காட்டாது என்று உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் பிரித்துக் காட்டுவார். 1930 வரை விண்வெளித் தூசி இந்த இரண்டாம் வகையைச் சார்ந்திருந்தது என்று சொன்னால் மிகையாகாது. மறைப்பு ஒன்று இருக்கிறது என்று உணர்வதே, மறைப்பிலிருந்து விலகுவதற்கு முதற்படி என்று சித்தாந்திகள் சொல்வதை, தாம் அறியாமலே டிரம்ப்ளர் செய்துகாட்டினார்.

இந்தத் தூசி நம் வீட்டுத் திண்ணையில் படிவது போன்றதன்று. ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த அளவுள்ள கல்லும் கரியுமான துகள்கள், முதுமையடைந்த நட்சத்திரங்கள் தம் மேற்புறத்திலிருந்து உதிர்த்த வாயு குளிர்ந்தபோது உறைந்து பிறந்தவை. ஊதாவுக்கு அப்பாற்பட்ட வெம்மையான ஒளி இத்தகைய துகள் ஒன்றின்மேல் விழுந்தால், துகள் அதை விழுங்குகிறது. விழுங்கியதை வைத்துக்கொள்ள அதனால் இயலாது. பெற்ற சக்தி முழுவதையும் வேறோர் உருவில் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். துகளின் வெப்பம் சிறிது உயர்கிறது, அந்த வெப்பத்துக்குரிய கதிரை அது வீசுகிறது. அக்கதிர் நம் கண்ணுக்குப் புலப்படும் சிவப்புக்கும் கீழே இருப்பது. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியில் பிரித்து, நிறங்களின் வெப்பத்தை அளக்கும்போது, சிவப்புக்கு அப்பால் ஒளியே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானியில் பாதரசம் இன்னும் மேலே ஏறுவதைக் கண்டாரே, அகச்சிவப்பு எனப்படும் அந்தக் கதிர்தான்.

பூமியின் காற்று மண்டலம் அகச்சிவப்பின் பெரும்பகுதியை வழியிலேயே மறித்துவிடும். தவிர, தொலைநோக்கியும் தன் சொந்த வெப்பத்தால் அதே கதிரை வீசிக்கொண்டிருக்கும். ஆகையால் 1983 ஜனவரியில் அமெரிக்காவும் நெதர்லாந்தும் பிரிட்டனும் சேர்ந்து ஐராஸ் என்னும் செயற்கைக்கோளை ஏவியபோது, அதன் தொலைநோக்கியைத் திரவ ஹீலியத்தைக்கொண்டு, சைபருக்குக் கீழே 260 பாகைக்கும் தாழ்வாகக் குளிர்வித்து அனுப்பினார்கள். ஹீலியம் தீர்ந்த நவம்பர் மாதத்தோடு அதன் ஆயுளும் தீர்ந்தது. அதற்குள் வானத்தில் 96 சதவீதத்தை அளந்து, சுமார் 2,50,000 அகச்சிவப்பு மூலங்களைக் குறித்துக் கொடுத்தது. அவற்றுள் ஒன்று ஆர்ப் 220. ஹால்டன் ஆர்ப் என்னும் வானநூலார் 1966-இல் வெளியிட்ட விசித்திர நட்சத்திர மண்டலங்களின் படத்தொகுப்பில், 338 மண்டலங்களுள் 220-ஆவதாக இடம்பெற்ற அது, சாதாரணப் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை ஓடிய மங்கலான ஒரு திட்டு. யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பாரார். ஐராஸின் அளவைக்கோ, சூரியனைப்போல் ஒரு லட்சம் கோடி மடங்குக்கு மேற்பட்ட பிரகாசம் அதிலிருந்து வந்துகொண்டிருந்தது, அதுவும் கிட்டத்தட்ட முழுவதும் அகச்சிவப்பாகவே. சுமார் 25 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், இரண்டு நட்சத்திர மண்டலங்கள் மோதி ஒன்றாகிக்கொண்டிருக்கின்றன. இரண்டின் மையக் கருக்களும் ஓராயிரம் ஒளியாண்டுக்குச் சற்று அதிகமான இடைவெளியில் இன்னும் தனித்தனியே சுழல்கின்றன. அவற்றைச் சூழ வாயுவும் தூசியும் மலைமலையாகக் குவிந்து கிடக்கின்றன.

இங்கே முதற் செய்தி ஒன்று கிடைக்கிறது. மறைப்பது, தான் மறைத்ததன் அளவைத் தன் உடம்பிலேயே ஏற்றுக்கொள்கிறது. விழுங்கிய ஒளியில் ஒரு துளியும் குறையாமல் வெப்பமாக வெளியிட்டு, உள்ளே எரிவது இவ்வளவு என்று கணக்கு ஒப்புவிக்கிறது. திரை எவ்வளவு கனமானதோ அவ்வளவு முழுமையானது கணக்கு. மறைப்பவனே சாட்சியாகவும் நிற்கிறான் என்று இதைக்கொண்டு ஒரு பிரசங்கம் செய்துவிடலாம், கேட்பவர்களும் உருகுவார்கள். ஆனால் வானநூலாருக்கு உண்மையான கஷ்டம் இந்த இடத்திலேதான் தொடங்கியது.

துகளுக்குத் தெரிந்தது வெப்பம் ஒன்றே. தன்மேல் விழுந்த கதிர், புதிதாகப் பிறந்த பல்லாயிரம் நட்சத்திரங்களிலிருந்து வந்ததா, அன்றி ஒரே ஒரு கருந்துளையைச் சுற்றி விழுந்துகொண்டிருக்கும் வாயுச் சுழலின் கொதிப்பிலிருந்து வந்ததா என்பதை அது நினைவில் வைப்பதில்லை. இரண்டும் வந்து சேர்ந்தால் துகள் ஒன்றுபோலவே சூடேறும், ஒன்றுபோலவே வீசும். பத்தாயிரம் கோடி சூரியன்களுக்கு மேற்பட்ட அகச்சிவப்புப் பிரகாசமுடைய மண்டலங்கள் ஒவ்வொன்றிலும், உள்ளே இருப்பது நட்சத்திரப் பிரசவமா கருந்துளையின் பசியா என்னும் வழக்கு எழுந்து, அறிஞர்கள் இரண்டு கட்சிகளாய்ப் பிரிந்து, ஒரே அளவைக் கையில் வைத்துக்கொண்டு இரு வேறு முடிவுகளைச் சொல்லலாயினர். மலையில் புகை கண்டு நெருப்புண்டு என்று துணிவது தருக்க நூலாரின் நெடுநாளைய உதாரணம்; அந்தப் புகை வேள்வித் தீயிலிருந்து வருகிறதா, அடுப்பிலிருந்து வருகிறதா, சிதையிலிருந்து வருகிறதா என்று கேட்டால் நையாயிகன் மௌனம் சாதிக்கவேண்டியதுதான்.

இந்த மௌனம் நம் சமய வாதங்களுக்கும் உரியது என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. தோன்றி நின்று ஒடுங்குகின்ற இந்த உலகத்துக்கு அதைச் செய்கின்ற ஒருவன் வேண்டும் என்று மெய்கண்டார் சிவஞான போதத்தின் முதற் சூத்திரத்தில் வைக்கின்ற வாதம், காரியத்திலிருந்து காரணத்துக்குச் செல்லும் அனுமானம். அதே வாதத்தைப் பிற தேசத்துச் சமயிகளும் தத்தம் முறையில் செய்திருக்கிறார்கள். அது ஒரு காரணம் உண்டு என்பதைத் தரும். அது மிகப் பெரிய சக்தியுடையது என்பதையும் தரும். அது அன்புடையதா, நம்மை அறியுமா, பரிவு காட்டுமா என்பதைத் தராது. சித்தாந்திகள் இதை மறந்தவர்களல்லர். பிறவற்றோடு கொண்ட தொடர்பால் ஒரு பொருளுக்கு வந்து பொருந்தும் இலக்கணத்தைத் தடத்தம் என்றும், அந்தப் பொருள் தன்னளவில் உடைய இலக்கணத்தைச் சொரூபம் என்றும் அவர்கள் இரண்டாகப் பகுத்தனர். ஐந்தொழில் செய்பவன் என்பது தடத்தத்தைச் சேர்ந்தது என்று அவர்களே சொல்லிவைத்தனர். அகச்சிவப்பின் அளவு, மையக் கருவின் தடத்த லட்சணம் மாத்திரம். மேடைகளில் உலகத்தின் ஒழுங்கைக் காட்டிக் கடவுளின் கருணையை நிறுவிவிட்டதாக எண்ணுகிறவர்கள், தடத்தத்தை அளந்துவிட்டுச் சொரூபத்துக்கு ரசீது எழுதுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

வானநூலார் இந்த முட்டுக்கட்டையிலிருந்து வெளிவந்த விதம் படிப்பினை மிக்கது. 1995-இல் ஐரோப்பியர் ஏவிய ஐஸோ என்னும் அகச்சிவப்பு வானாய்வகத்தைக்கொண்டு, ரைன்ஹார்ட் கென்சலும் அவருடைய தோழர்களும், மொத்தப் பிரகாசத்தை விட்டுவிட்டு, அதில் மிகச் சிறு பங்காயுள்ள சில கோடுகளைத் தேடினார்கள். நியான் அணு ஒன்று நான்கு எலெக்ட்ரான்களை இழந்து நிற்குமானால், அதை அந்த நிலைக்கு உரித்துவிட நட்சத்திர ஒளிக்குப் பெரும்பாலும் வலிமை போதாது. கருந்துளையைச் சூழ்ந்த கொதிப்புக்கு உண்டு. மறுபுறத்தில், கரி அணுக்கள் வளையம் வளையமாகப் பிணைந்த சில மூலக்கூறுகள், நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்களில் நன்றாக ஒளிர்ந்து, கருந்துளையின் கடுங்கதிருக்கு முன்னே சிதைந்துபோகும். நியான் கோடு பலமாய் இருந்து கரி வளையத்தின் ஒளி நலிந்திருந்தால் கருந்துளை, மாறியிருந்தால் நட்சத்திரங்கள். 1998-இல் அவர்கள் வெளியிட்ட தீர்ப்பின்படி, ஆராய்ந்த அதிபிரகாச மண்டலங்களில் 70 முதல் 80 சதவீதம் முக்கியமாக இளநட்சத்திரங்களாலும், எஞ்சியவை கருந்துளைகளாலும் எரிகின்றன. பிரமாண்டமான அளவு சொல்லாத சங்கதியை, ஆயிரத்தில் ஒரு பங்கு சொல்லிற்று.

இதனினும் விந்தையானது, திமிங்கலக் கூட்டம் எனப்படும் நட்சத்திரத் தொகுதியில், சுமார் 4.7 கோடி ஒளியாண்டு தூரத்திலுள்ள என்ஜிசி 1068-இன் கதை. 1943-இல் கார்ல் சீஃபர்ட் வகைப்படுத்திய செயலூக்கமுள்ள கருக்களில், வாயு வினாடிக்குப் பல்லாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதைக் காட்டும் அகன்ற கோடுகளை உடையவை ஒரு வகை, குறுகிய கோடுகளை மட்டும் காட்டுபவை மற்றொரு வகை என்று பிற்காலத்தார் பிரித்தனர்; என்ஜிசி 1068 இரண்டாம் வகை. டிரம்ப்ளர் பணிபுரிந்த அதே லிக் வானாய்வகத்தில் ராபர்ட் அன்டனூச்சியும் ஜோசப் மில்லரும் அதன் ஒளியில் தளவிளைவுற்ற பகுதியை, அதாவது எதிலேனும் பட்டுத் தெறித்து வந்ததால் ஒரே திசையில் அதிர்வதாகிய ஒளியை, தனியே பிரித்தெடுத்து அதன் நிறமாலையைப் பார்த்தார்கள். பார்த்தவுடன் முதல் வகைக்குரிய அகன்ற கோடுகள் அதிலே நின்றன! கருவைச் சுற்றிலும் தடித்த தூசி வளையம் ஒன்று நம் பார்வையை மறைக்கிறது. ஆனால் வளையத்தின் திறந்த வாய்வழியே மேலெழுந்த ஒளி, அங்கே மிதக்கும் எலெக்ட்ரான்களின்மேல் பட்டுச் சிதறி, பக்கவாட்டில் நம்மை வந்தடைகிறது. 1985-இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு, ஒளித்து வைக்கப்பட்ட கரு இல்லாத கரு ஆகாது என்பதை மறுப்பார் குறைந்தனர். தென்துருவத்துப் பனிக்கட்டியில் ஒரு கன கிலோமீட்டர் அளவுக்குக் கருவிகள் பதித்த ஐஸ்கியூப் ஆய்வகம், அதே மண்டலத்தின் திசையிலிருந்து சுமார் 79 நியூட்ரினோக்கள் அதிகப்படியாக வந்திருப்பதை 2022-இல் அறிவித்தது. எந்தத் தூசியும் தடுக்க மாட்டாத அந்தத் துகள்கள், திரையைத் திரையென்றே கருதாமல் உள்ளிருந்து நேரே வந்துவிட்டன.

மறைப்பு யாருடைய தன்மை என்னும் வினா இங்கே எழுகிறது. என்ஜிசி 1068-ஐ வேறு திசையிலிருந்து நோக்குகிறவனுக்கு வளையத்தின் வாய் நேரே தெரியும். கரு ஒளிவு மறைவின்றிப் பிரகாசிக்கும். அப்படியானால் மறைப்பு, பொருளைச் சேர்ந்தது என்பதைவிட நிற்கின்ற இடத்தைச் சேர்ந்தது என்று சொல்லவேண்டும். குறை உயிரின் பக்கத்தது, சிவத்தின் பக்கத்ததன்று என்னும் சித்தாந்தத்துக்கு இது அழகாகப் பொருந்தும். பொருந்துகிறதே என்று நான் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே ஆர்ப் 220 வந்து குறுக்கே நிற்கிறது. மோதிக் குழம்பிய அம்மண்டலத்தில் தூசி வளையமாக அடங்கி நிற்கவில்லை, கருக்களை எல்லாத் திசையிலும் போர்த்திருக்கிறது. எந்த இடத்தில் போய் நின்றாலும் அங்கே வாசல் இல்லை. வசதியான திருஷ்டாந்தத்தை வைத்துக்கொண்டு வசதியற்றதை விட்டுவிடுவது சமயச் சொற்பொழிவுக்கு ஆகலாம், விசாரத்துக்கு ஆகாது.

தூசி மறைப்பதோடு நிற்பதில்லை என்பது இன்னொரு பக்கம். 1988-இல் டேவிட் சாண்டர்ஸும் அவரைச் சேர்ந்தோரும் ஒரு கருத்தை முன்வைத்தனர்: இரு மண்டலங்கள் மோதும்போது வாயுவும் தூசியும் நடுவே சரிந்து, கருந்துளையை மூடுகின்றன, மூடியபடியே அதற்கு உணவும் ஆகின்றன, உண்டு வளர்ந்த கரு, ஒரு கட்டத்தில் தன் ஒளியின் அழுத்தத்தாலேயே போர்வையை உதறியெறிந்து, குவாசர் என்னும் பெயரோடு வெளிப்படுகிறது. மறைத்து நின்று, மலத்தைப் பக்குவப்படுத்தி, பக்குவம் வந்தபோது அதே சக்தி அருட்சக்தியாக மாறும் என்று திரோதானத்தைப் பற்றிச் சொல்வதை அறிந்தவர்கள், இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் யோசிக்காமல் இரார். மலங்களோடு எண்ணப்பட்டாலும் திரோதானம் உண்மையில் மலமன்று, அருளே என்னும் நுட்பத்துக்கு இதைவிடப் பெரிய சித்திரம் எங்கே கிடைக்கும்? ஆயினும் சித்திரம் முடிவுவரை வாராது. போர்வை நீங்கிய குவாசருக்கு உணவும் நீங்கிவிடுகிறது. கொஞ்ச காலம் ஜொலித்துவிட்டு அது அடங்கிப்போகிறது. வீடுபேற்றை எய்திய உயிருக்கு இத்தகைய பஞ்சம் வரும் என்று எந்த ஆசாரியரும் கூறவில்லை. உவமை எங்கே முறிகிறதோ அங்கே அதை முறிய விட்டுவிடுவதுதான், உவமைக்கும் பொருளுக்கும் நாம் செய்யும் நியாயம்.

ஆர்ப் 220-இன் வழக்கு இன்றும் முடியவில்லை. அங்கே சூப்பர்நோவா வெடிப்புக்களின் சுவடுகள் டஜன் கணக்கில் ரேடியோ அலையில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. நட்சத்திரங்கள் வெறிகொண்டு பிறந்து மாள்கின்றன என்பதில் ஐயமில்லை. கருந்துளை கட்சியார், மேற்குக் கருவில் ஒன்று ஆழப் புதைந்திருக்கிறது என்கின்றனர். தூசியை ஊடுருவ வல்ல கடின எக்ஸ்-கதிரில் நூஸ்டார் என்னும் விண்வெளித் தொலைநோக்கி தேடிப் பார்த்து, ஐயமற்ற அடையாளம் எதையும் பெறவில்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இரு கருக்களின் நிறமாலையையும் பிரித்தெடுத்தது. கருந்துளைக்குரிய முத்திரை எதுவும் காணப்படவில்லை என்று 2024-இல் ஒரு குழுவினர் எழுதினர். காணாமையைக்கொண்டு இல்லாமையைத் துணியலாமா? பாட்ட மீமாம்சகரும் அத்வைதிகளும் அநுபலப்தி என்று இதையும் ஒரு பிரமாணமாகக் கொண்டார்கள். ஆனால், இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும் என்னும் நிலையில் மட்டுமே அது செல்லும் என்று நிபந்தனையும் விதித்தார்கள். மேற்குக் கருவின்மேல் கிடக்கும் வாயுவின் கனமோ, கடின எக்ஸ்-கதிரையும் விழுங்கிவிடக்கூடிய அளவு என்று வேறு அளவைகள் கூறுகின்றன. ஆகவே நிபந்தனை நிறைவேறவில்லை, இல்லை என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அதே காரணத்தால், உண்டு என்று சொல்கிறவர்களும் அந்தக் கனத்தைத் தமக்குச் சாதகமான சாட்சியாகக் கூண்டில் ஏற்ற முடியாது. இளநட்சத்திரங்களின் கணக்கு அந்த வெப்பம் முழுவதற்கும் போதுமா, மீதி விழுமா என்பதை இன்னும் நுட்பமாகக் கணித்துக் காட்டவேண்டிய பொறுப்பு அவர்களுடையது, அதைத்தான் இரு கட்சியாரும் இப்போது செய்துகொண்டிருக்கிறார்கள்.